நாவல் வெளியாகிவிட்டது, வாசகர் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

சொந்தமாகப் பதிப்பிக்கும் நாவலாசிரியர்கள் "புத்தகம் போகவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் ஐந்தாறு தனித்தனிப் பழுதுகள் இருக்கின்றன. தேடினாலே வராத புத்தகத்துக்கு விளம்பரம் போட்டால் பணம் வீண். நாலாவது அத்தியாயத்தில் வாசகர் கீழே வைத்துவிடும் நாவலுக்கு அட்டையை மாற்றினாலும் அதே கதைதான். அதனால் செலவு செய்வதற்கு முன் வாசகர் எந்த இடத்தில் நின்றுபோகிறார் என்று கண்டுபிடியுங்கள்.

அமேசானில் புத்தகத்தை நாமே வெளியிட உதவும் கேடிபி தளத்தின் அறிக்கைப் பக்கத்தைத் திறந்து, கடைசி 90 நாட்களில் விற்ற படிகள், இலவசமாக இறங்கிய படிகள், கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா வசதியில் படிக்கப்பட்ட பக்கங்கள் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அச்சுப் புத்தகம் என்றால் அடித்தது, கடைக்குக் கொடுத்தது, காசாக வந்தது, வீட்டில் கிடப்பது. பிறகு கீழே உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: தேடினால் புத்தகமே வரவில்லை

உங்கள் போனில் தேடிப் பார்ப்பது சோதனை ஆகாது. நீங்கள் பலமுறை திறந்த பக்கத்தை அமேசான் நினைவில் வைத்திருக்கும். வேறொருவர் போனில், கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில், மூன்று முறை தேடச் சொல்லுங்கள்: தமிழில் தலைப்பு, ஆங்கில எழுத்தில் தலைப்பு, உங்கள் பெயர்.

புதுப் புத்தகமா? பதிப்பித்த புத்தகம் கடைக்கு வர 72 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பரிசீலனை முதலிலிருந்து தொடங்கும்.

மொழியும் விற்பனை எல்லையும். மொழிப் பெட்டியில் ஆங்கிலம் என்று விழுந்திருந்தால் தமிழ்ப் புத்தகங்களை வடிகட்டித் தேடுபவர் கண்ணில் உங்கள் நாவல் படாது. அந்தப் பெட்டியை மாற்ற முடியாதபடி இருந்தால் கேடிபி உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். விற்பனை எல்லையில் இந்தியாவை மட்டும் தேர்ந்திருந்தால் டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழ் வாசகர் வாங்க முடியாது. உரிமை முழுக்க உங்களுடையது என்றால் உலகம் முழுவதும் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தலைப்பில் எழுத்துப்பிழை, கண்ணுக்குத் தெரியாதது. தமிழ்ப் புத்தகங்களுக்கே உரிய பழுது இது. பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதால் பலர் மாதக்கணக்கில் இதோடு காலம் தள்ளுகிறார்கள். 'மௌனம்' என்ற சொல்லை இரண்டு விதமாகத் தட்டலாம். மகரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்தால் அது சரி. 'மெ' தட்டி அதன் பக்கத்தில் ளகரம் தட்டினாலும் திரையில் ஏறக்குறைய அதே உருவம் வரும். கணினிக்கு அது வேறு சொல். வாசகர் சரியாகத் தட்டித் தேடினால் உங்கள் புத்தகம் வராமல் போகலாம். கௌரி, கௌதமன், சௌந்தர்யா எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து.

சோதிப்பது எளிது. கடைப் பக்கத்திலிருந்து தலைப்பை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். 'மௌ' என்பதற்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'ம' மிஞ்சினால் சரி, 'மெ' மிஞ்சினால் தப்பு. ஒகர, ஓகார எழுத்துகளுக்கும் இதே சோதனைதான். 'கொ' என்பதில் ஒருமுறை தட்டியதும் 'க' மிஞ்ச வேண்டும். 'கெ' மிஞ்சினால் கொம்பும் காலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. பெயரில் ஸ்ரீ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. யூனிகோடில் அதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம், உருவம் ஒன்றாகவே தெரியும். எல்லாப் புத்தகங்களிலும் ஒரே வகையை வையுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் உள்ளே இன்னொரு பழுதும் இருக்கும். பழைய எழுத்துருக்களில் ர், ரி ஆகியவற்றுக்குக் காலையே பயன்படுத்தித் தட்டும் பழக்கம் உண்டு. மாற்றியில் போட்டால் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிவிடும். வேர்டில் கண்டுபிடி, மாற்று பெட்டியைத் திறந்து, காலும் புள்ளியும் சேர்ந்த 'ா்' என்பதைத் தேடுங்கள். தமிழில் அப்படி ஒரு சேர்க்கையே கிடையாது என்பதால் கிடைக்கும் ஒவ்வொன்றும் பிழைதான். எல்லாவற்றையும் 'ர்' என்று ஒரேயடியாக மாற்றலாம். 'ாி', 'ாீ' இரண்டையும் அதேபோல 'ரி', 'ரீ' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் ஏற்றினால் சில போன்களில் எழுத்துக்கு நடுவே புள்ளி வட்டம் தெரியும். முதல் பக்கத்தில் அதைப் பார்த்த வாசகர் அடுத்த பக்கம் போவது சந்தேகம்.

ஆங்கில எழுத்தில் தேடுபவர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தும் தமிழ் விசைப்பலகை இல்லாதவர்கள் நிறைய. கேடிபி தரும் ஏழு குறிச்சொல் பெட்டிகளில், ஒவ்வொன்றுக்கும் 50 எழுத்துகள், தலைப்பின் ஆங்கில எழுத்து வடிவத்துக்கு ஒரு பெட்டியை ஒதுக்குங்கள். ழகரத்தைச் சிலர் 'இசட் எச்' என்றும் சிலர் 'எல்' என்றும் தட்டுவார்கள். இரண்டையும் அதே பெட்டியில் போடலாம். மற்ற ஆறில் வாசகர் உண்மையில் தேடும் சொற்கள் வரட்டும்: குடும்ப நாவல், கிராமத்துக் கதை, துப்பறியும் நாவல், வரலாற்று நாவல், கதை நடக்கும் ஊர். 'சிறந்த நாவல்', 'அருமையான கதை' என்றெல்லாம் போட்டால் பெட்டி வீணாகும். மூன்று பிரிவுகள் தேர்ந்தெடுக்கலாம். மூன்றையும் பொதுப் புனைவு என்று விடாமல் ஒன்றையாவது குறுகலாக எடுங்கள்.

எல்லோருக்கும் சொந்தமான தலைப்பு. சினிமாப் பாட்டு வரியைத் தலைப்பாக வைத்தால் கூகுளில் முதல் பக்கம் முழுக்கப் பாட்டுதான் வரும், அமேசானில் அதே பெயரில் வேறு நாவல்களும் இருக்கும். துணைத்தலைப்பு சேர்ப்பது செலவில்லாத வழி. அடுத்த நாவலுக்குத் தலைப்பு வைக்கும்போது ஐந்து நிமிடம் தேடிவிட்டு வையுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: முழு நாவலும் அச்சகத்தின் பேஜ்மேக்கர் கோப்பாக மட்டும் இருந்தால். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் ஒரு அத்தியாயம் மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு வகைப் பிழைகளையும் திருத்திய பிறகும் பக்கத்துக்குப் பக்கம் உடைந்த எழுத்து வந்தால், யூனிகோடு தெரிந்த தட்டச்சரிடம் கொடுத்துவிடுங்கள். கைத்திருத்தம் செய்தால் ஒரு பிழை போய் இன்னொரு பிழை வரும்.

## அறிகுறி: தேடலில் வருகிறது, யாரும் திறப்பதில்லை

அட்டைதான். கேடிபி பரிந்துரைக்கும் அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். ஆனால் வாசகர் பார்ப்பது போனில் கட்டைவிரல் நகம் அளவு. அட்டைப் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, கதை தெரியாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டிவிட்டுத் தலைப்பைக் கேளுங்கள். மெல்லிய அலங்கார எழுத்துருவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் தலைப்பே வேறு சொல்லாகப் படிக்கப்படும். தடித்த எழுத்து, இரண்டு வரிக்கு மேல் போகாத தலைப்பு, பின்னணியோடு கலக்காத நிறம், இது போதும். இதை நீங்களே திருத்தலாம்.

அடுத்தது படம். தஞ்சாவூர்க் கதைக்கு வெளிநாட்டுக் காதலர் படம் போட்டால் யாருக்கான கதை என்று புரியாது. நடிகர், நடிகை படத்தை வைப்பது இன்னும் மோசம். உரிமை இல்லாத படம் என்று புகார் வந்தால் புத்தகத்தையே கடையிலிருந்து எடுத்துவிட வாய்ப்பு உண்டு. உங்கள் வகையில் முன்னணியில் இருக்கும் இருபது தமிழ் நாவல்களின் அட்டையை ஒரே திரையில் அடுக்கி, உங்களுடையதை நடுவில் வையுங்கள். வேறு வகைப் புத்தகம் போலத் தெரிந்தால் அப்போது வடிவமைப்பாளருக்குப் பணம் கொடுங்கள். படம், எழுத்துரு இரண்டின் உரிமமும் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அச்சுக்கும் சேர்த்துக் கேட்டால் முதுகுப் பகுதியையும் அப்போதே வரைந்து தருவார்.

## அறிகுறி: பக்கத்தைத் திறக்கிறார்கள், வாங்குவதில்லை

அறிமுகக் குறிப்பு. போன் திரையில் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதி 'மேலும்' என்பதைத் தட்டினால்தான். அந்த வரிகளில் 'இது என் மூன்றாவது நாவல், ஆதரவு தாருங்கள்' என்று இருந்தால் கதைக்கு இடமே இல்லை. யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, இந்த மூன்றும் முதல் இரண்டு வாக்கியத்தில் வரட்டும். மொத்தம் 150 சொல் தாண்ட வேண்டாம். 4000 எழுத்து வரை இடம் தருகிறார்கள் என்பதற்காக நிரப்பக் கூடாது.

மாதிரிப் பக்கங்களை முன்னுரை தின்றுவிடுகிறது. தமிழ் நாவல்களில் இவ்வளவு பரவலான, இவ்வளவு எளிதில் தீரும் பழுது வேறில்லை. கிண்டில் மாதிரி ஏறக்குறைய புத்தகத்தின் முதல் 10 சதவீதம். 200 பக்க நாவலுக்கு 20 பக்கம். அதில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி, சமர்ப்பணம் எல்லாம் சேர்ந்து 14 பக்கம் போனால் கதைக்கு மிஞ்சுவது 6 பக்கம். அவ்வளவையும் புத்தகத்தின் கடைசிக்கு நகர்த்துங்கள். அணிந்துரை எழுதியவர் மனம் கோணுவார் என்ற தயக்கம் வேண்டாம், அட்டையின் பின்புறத்தில் அவர் வரி ஒன்றைப் போடலாம். நகர்த்திய பிறகு மாதிரியை நீங்களே இறக்கிப் படியுங்கள். அது முடியும் இடத்தில் ஒரு கேள்வியாவது வாசகர் மனதில் நிற்கிறதா?

விலை. உங்கள் வகையில், உங்கள் பக்க அளவில், உங்களைப் போல் அறிமுகமாகாத எழுத்தாளர்களின் விலையைப் பாருங்கள். பெரிய பெயர்களின் விலை உங்களுக்கு அளவுகோல் அல்ல. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால் கேடிபி செலக்டில், அதாவது மின்வடிவை அமேசானுக்கு மட்டும் தரும் திட்டத்தில், சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம்தான்.

மதிப்புரை ஒன்றுகூட இல்லை. குடும்பத்தாரிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் எழுதச் சொல்லாதீர்கள், 'நீ எனக்கு, நான் உனக்கு' என்ற பரிமாற்றமும் வேண்டாம். அமேசான் விதிகளுக்கு எதிரானது, அவை நீக்கப்பட்டும் விடும். கதை முடிந்த உடனே, அதே பக்கத்தில், 'உங்கள் கருத்தை இரண்டு வரி எழுதுங்கள்' என்று கேளுங்கள். மனம் நிறைந்து முடித்தவர் எழுதுவது அந்த நிமிடத்தில்தான்.

## அறிகுறி: இலவச நாட்களில் அள்ளிக்கொண்டு போகிறார்கள், மறுநாள் பூஜ்யம்

செலக்டில் 90 நாளுக்கு 5 இலவச நாள் கிடைக்கும். இறங்கிய எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதற்கு எதுவும் இல்லை. இலவசத்தைச் சேமித்து வைப்பவர் வேறு, படிப்பவர் வேறு. ஒரே ஒரு நாவல் இருக்கும்போது இலவச நாளைச் செலவழிக்காதீர்கள். இரண்டாவது நாவல் வந்த வாரத்தில் முதல் நாவலை இலவசமாக விட்டு, அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டாவதற்கு இணைப்பு வையுங்கள். அப்படிச் செய்தும் இரண்டாவது அசையவில்லை என்றால் பழுது அடுத்த தலைப்பில் இருக்கிறது.

## அறிகுறி: படிக்கத் தொடங்குகிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள்

கேடிபியின் 'ப்ரமோட் அண்ட் அட்வர்டைஸ்' பக்கத்தில் உங்கள் நாவலுக்கான கிண்டில் பக்க எண்ணிக்கை இருக்கும். அது 310 என்று வைத்துக்கொள்வோம். தினசரி அறிக்கையில் ஒரு நாள் 38, சில நாள் கழித்து 41, பிறகு 40 என்று வந்தால் ஆட்கள் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று கொள்ளலாம். வாசகர் எண்ணிக்கை கூடிவிட்டால் இந்தக் கணக்கு கலங்கிவிடும், அதனால் குறைவாக இருக்கும்போதே பாருங்கள். 40ஆம் பக்கம் எந்த அத்தியாயம் என்று கண்டுபிடித்து அதற்கு முந்தைய பத்துப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள்.

முதலில் மேலோட்டமான குப்பையைக் கூட்டுங்கள். இணையத்தில் தொடராக வந்த நாவலில் 'ஹாய் பிரண்ட்ஸ், அடுத்த யூடி வெள்ளிக்கிழமை' (யூடி என்றால் அடுத்த பகுதி) போன்ற குறிப்புகளும், ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் முன்கதைச் சுருக்கமும் அப்படியே தங்கிவிடும். வாரத்துக்கு ஒரு பகுதி படித்தவருக்கு அது தேவைப்பட்டது. ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது இடறல். தொடரில் எல்லா அத்தியாயமும் அதிர்ச்சியோடு முடியும். புத்தகமாகச் சேர்த்தால் இருபது அதிர்ச்சியும் ஒன்றுபோல ஒலிக்கும். சிலவற்றை அமைதியாக முடியவிடுங்கள்.

அடுத்தது பிழைகள். ஒற்று மிகுதல், ல ள ழ, ன ண, ர ற. எழுதியவர் கண்ணுக்கு இவை படாது. போனில் உரையை வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுக் கேட்டால் விடுபட்ட சொற்களும் இரட்டித்த சொற்களும் அகப்படும், ஒற்றுப்பிழை அகப்படாது. அதற்கு மெய்ப்புப் பார்ப்பவர் வேண்டும். பத்துப் பக்கம் மாதிரித் திருத்தம் செய்து தரச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு முழு வேலைக்குப் பேசுங்கள்.

அதுவும் தீர்க்கவில்லை என்றால் கதையமைப்பைத்தான் பார்க்க வேண்டும். உங்களைத் தெரியாத ஐந்து பேரிடம் கொடுங்கள். 'எப்படி இருந்தது' என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார்கள். 'எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்' என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் ஒரு நல்ல எடிட்டரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. இந்தப் பட்டியலில் பெரிய செலவு இதுதான், ஆனால் தமிழ் சுயபதிப்பில் பெரும்பாலும் தவிர்க்கப்படுவதும் இதுதான். விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகையை இங்கே திருப்புங்கள்.

## அறிகுறி: பிரதிலிபியில் கூட்டம், கிண்டிலில் வெறிச்

பிரதிலிபி போன்ற தொடர்கதைத் தளத்தில் பகுதி பகுதியாக இலவசமாகப் படித்துப் பழகியவர் அதே கதையைக் காசு கொடுத்து வாங்க மாட்டார். அங்கே வராத ஒரு நாவலை, அல்லது அங்கே முடிந்த கதையின் கிளைக்கதையைக் கிண்டிலில் போடுங்கள்.

இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. செலக்டில் சேர்த்த நாவல் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. பிரதிலிபி, சொந்த வலைப்பூ, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், டெலிகிராமில் நீங்களே பகிர்ந்த பிடிஎஃப், எல்லாமே இதில் அடங்கும். 10 சதவீதம் வரை மாதிரி மட்டும் அனுமதி. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் உடனே மற்ற இடங்களில் எடுத்துவிட்டுப் பதில் எழுதுங்கள். செலக்டிலிருந்து விலக வேண்டும் என்றால் தானாகப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிட்டு 90 நாள் முடியும் தேதி வரை காத்திருக்க வேண்டும். குறியை எடுத்த அன்றே மற்ற தளத்தில் ஏற்றுவது பலர் செய்யும் தவறு.

## அறிகுறி: அச்சடித்த கட்டுகள் வீட்டிலேயே கிடக்கின்றன

கடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொடுத்தது கடைக்காரரின் மேசைக்கடியில் பிரிக்காமல் இருக்கலாம். முகம் தெரியாத ஒருவரை அனுப்பிப் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.

முதுகு. கடை அடுக்கில் வாசகர் பார்ப்பது முதுகைத்தான். ஆறடி தள்ளி நின்று தலைப்பைப் படிக்க முடிய வேண்டும். 80, 90 பக்கக் குறுநாவலுக்கு முதுகில் எழுத்தே நிற்காது. அதை அடுக்கில் வைத்தால் மறைந்துபோகும், மேசையில் படுக்கவைக்கும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

கழிவுக் கணக்கு. 240 பக்கம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் 16 பக்கப் பாரம் 15. விலை 300 ரூபாய் என்று வையுங்கள். கடைக்கு 40 சதவீதக் கழிவு போனால் கையில் 180. ஒரு படிக்கு அச்சுச் செலவு 110 என்றால் மிச்சம் 70. விநியோகஸ்தர் 50 சதவீதம் கேட்டால் 150 வந்து மிச்சம் 40. இதில் அஞ்சல், இலவசப் படிகள், சேதாரம் எல்லாம் போக வேண்டும். விலை 220 என்று வைத்திருந்தால் அதே 50 சதவீதக் கழிவில் அச்சுக்கூலி மட்டும்தான் தேறும். இந்தக் கணக்கில் தேறாத புத்தகத்தைக் கடைகளுக்குக் கொடுக்காதீர்கள், நேரடியாக விற்றுவிடுங்கள். பாரக் கணக்கையும் விடாதீர்கள். ஆஃப்செட்டில் 243 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத்துக்கு நெருக்கமான செலவு ஏறும். இரண்டு அத்தியாயத் தொடக்கங்களில் வெற்றிடத்தைக் குறைத்தால் 240க்குள் அடங்கிவிடும்.

எண்ணிக்கை. ஆயிரம் படி அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்ற ஆசையில்தான் கட்டில் அடி நிறைகிறது. தேவைக்கேற்ற அச்சில் 50, 100 என்று அடிக்கலாம். முதல் 100 விற்ற பணம் கைக்கு வந்த பிறகு அடுத்தது. நூலக ஆணையை நம்பி அடிக்காதீர்கள். அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம், அது கிடைக்கும் வரை கணக்கில் சேர்க்கக் கூடாது.

புத்தகக் காட்சி. சென்னையில் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. ஈரோடு, கோவை, மதுரை, நெய்வேலி எனப் பிற ஊர்களிலும் உண்டு. ஒரு நாவலுக்காகத் தனி அரங்கு கட்டுப்படியாகாது. உங்கள் வகைப் புத்தகங்களை விற்கும் பதிப்பகத்தின் அரங்கில் பத்துப் படி வைக்கக் கேளுங்கள். ஜனவரிக்கு நவம்பரிலேயே பேச வேண்டும். படிகளின் எண்ணிக்கை, கழிவு, கணக்கு முடிக்கும் தேதி மூன்றையும் எழுதி இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். வாசகருக்குத் தரும் 10 சதவீதத் தள்ளுபடி யார் பங்கில் குறையும் என்றும் கேட்டுவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: நேரடியாக நூறு படி விற்று, கேட்பவர் இன்னும் இருந்தால் விநியோகஸ்தரிடம் போகலாம். அதற்கு முன் போனால் கட்டு இடம் மாறும், அவ்வளவுதான்.

'பதிப்பு முதல் விற்பனை வரை எல்லாம் நாங்கள்' என்று மொத்தத் தொகை கேட்கும் நிறுவனங்களிடம் கையெழுத்திடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் யார் பெயரில்? அச்சுக்கான கோப்பை எனக்குத் தருவீர்களா? ஆசிரியர் படி என்ன விலை? விற்பனைக் கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? கோப்பு தர மாட்டோம் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, எழுத்தாளர் தாமே விண்ணப்பிக்கலாம். கிண்டிலுக்கு அது தேவையே இல்லை.

## அறிகுறி: முதல் நாவல் போனது, இரண்டாவது போகவில்லை

இரண்டு புத்தகத்திலும் உங்கள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? ஒன்றில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி, இன்னொன்றில் இடைவெளி, ஒன்று தமிழில், மற்றது ஆங்கிலத்தில் என்று இருந்தால் பெயரைத் தட்டும் வாசகருக்கு ஒரு புத்தகம்தான் தெரியும். சரியாக இருந்தால் முதல் நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருத்தி இரண்டாவதற்கு இணைப்பு சேர்த்து மறுபடி ஏற்றுங்கள்.

அதன் பிறகும் அசையாவிட்டால், முதல் நாவல் யாரிடம் போனது என்று எண்ணிப் பாருங்கள். அலுவலக நண்பர்கள், உறவினர், முகநூல் பழக்கம் என்று பாதிக்கு மேல் இருந்தால் அவர்கள் உங்களுக்காக வாங்கியவர்கள். இரண்டாவது நாவலுக்கு அது முதல் நாவலின் நிலைதான், மேலே முதல் தலைப்பிலிருந்து சோதிக்க வேண்டும். அறியாதவர்கள் வாங்கிப் படித்த நாவலாக இருந்து, இரண்டாவது வேறு வகையாக இருந்தால், அந்த வாசகருக்கு இது புதுப் புத்தகம் என்றே புரிந்திருக்காது. அறிமுகக் குறிப்பின் முதல் வரியில் வகையைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அட்டைப் படத்தை மட்டும் அனுப்பாமல், முதல் அத்தியாயத்தின் இரண்டு பக்கத்தை எழுத்தாகவே ஒட்டி, கீழே இணைப்பு வையுங்கள். பட்டியலே இல்லை என்றால் கடைசிப் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போட்டு, எழுதி வருபவர்களிடம் அனுமதி கேட்டு இன்றிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள். மூன்றாவது நாவல் வெளிவரும் நாளில் விளம்பரதாரரிடம் போவதற்கு முன் அந்தப் பட்டியலுக்கு எழுதலாம்.